வாசகர் கேள்வி-பதில்: தலையணைக்கு அடியில் ஓர் அளவு நாடா

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தைத் தொட்டிருந்தன: ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயல்வது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்மூன்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கேள்வி: அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் செந்தூலில் இருக்கிறேன். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பது என் தொழில். என் மூத்த மகனுக்கு 19 வயது. கல்லூரியில் கணக்கியல் படிக்கிறான். நான்கு மாதங்களுக்கு முன், தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு வருகிறது என்று என்னிடம் சொன்னான். நானும் அழுதேன், அவனும் அழுதான். பிறகு என் அண்ணன் வழியாக ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். 12 வாரப் பயிற்சிக்கு 3,800 வெள்ளி கட்டினோம். நடை, குரல், உடற்கட்டு மூன்றையும் ஆணுக்குரியதாக மாற்றிவிட்டால் மனமும் தன்னால் மாறிவிடும் என்று அங்குள்ளவர் சொன்னார். ஐந்து வாரம் முடிந்துவிட்டது. இப்போது அவன் சாப்பிடுவது அவித்த முட்டையின் வெள்ளைக் கருவும் புரத மாவு கலக்கிய பானமும் மட்டுமே. தோசை சுட்டு வைத்தால் தொடுவதில்லை. இந்தப் புழுக்கத்திலும் நீளக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. அலமாரிக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறான். என் அளவு நாடா அடிக்கடி காணாமல் போகிறது. தேடினால் அவன் தலையணைக்கு அடியில் கிடைக்கிறது. அண்ணனோ, "பலன் தெரிகிறது, தொடரட்டும்" என்கிறார். மீதி ஏழு வாரத்துக்கும் அனுப்பலாமா?
— ஒரு தாய், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, அனுப்ப வேண்டாம். கட்டிய பணம் திரும்பி வராவிட்டாலும் இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் அண்ணனிடமும் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

அந்த மையத்தில் நடப்பதற்குக் கன்வர்ஷன் தெரபி என்று பெயர். தமிழில் சிலர் இதை 'மாற்றுச் சிகிச்சை' என்று எழுதிவிட, படிப்பவர் சித்த வைத்தியம், ஹோமியோபதி போன்ற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே 'பாலீர்ப்பு மாற்று முயற்சி' என்றே குறிப்பிடுகிறேன். சிகிச்சை என்றால் முதலில் ஒரு நோய் இருக்க வேண்டும். தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலகச் சுகாதார நிறுவனம் 1990இலும் தங்கள் நோய்ப் பட்டியல்களிலிருந்து நீக்கிவிட்டன. ஆகவே உங்கள் மகன் நான்கு மாதங்களுக்கு முன் உங்களிடம் சொன்னது நோய் அன்று. இன்று அவன் கண்ணாடியை மூடி வைத்திருப்பதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. இவற்றில் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை உங்கள் கடிதமே வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

மனத்தை மாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஏன் உடலைப் பிடித்துக்கொள்கிறார்கள்? மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியாது. நடையையும் குரலையும் கை அசைவையும் பார்க்க முடியும், எண்ண முடியும், பெற்றோரிடம் 'முன்னேற்றம்' என்று காட்டிப் பணம் வாங்கவும் முடியும். இது இன்று நேற்று தொடங்கியதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனை வைத்து இத்தகைய சோதனை ஒன்றை நடத்தினார்கள். ஜார்ஜ் ரெக்கர்ஸ், இவார் லோவாஸ் என்ற இருவர் 1974இல் அதை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பெண்தன்மை என்று அவர்கள் கருதிய நடையும் கை அசைவும் தென்பட்டால் சிவப்பு அடையாள வில்லை, ஆண்தன்மை தென்பட்டால் நீல வில்லை. நீலத்துக்கு இனிப்பு, சிவப்புக்குத் தந்தையின் கையால் அடி. வெற்றி என்று அவர்கள் எழுதிவைத்த அந்தச் சிறுவர் வளர்ந்து, 2003இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சிறு வயதில் நடந்த அந்தச் சோதனைதான் அவரை உடைத்தது என்று 2011இல் அவருடைய குடும்பத்தினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த ஆய்விதழும் 2020இல் அக்கட்டுரை குறித்துத் தன் கவலையைத் தெரிவித்து ஓர் அறிவிப்பை வெளியிட்டது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2011 ஏப்ரலில், திரங்கானுவில் 13 முதல் 17 வயதுவரையிலான 66 மாணவர்களைப் பெசுட்டில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் யார் யாரை விரும்புகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. 'லெம்புட்', அதாவது மென்மையாக இருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கருதியதே போதுமானதாக இருந்தது. அப்போது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சராக இருந்த ஷரிசாட் அப்துல் ஜலீல், அது சிறார் சட்டத்துக்கு முரணானது என்று கண்டித்தார். உடலை எப்படி அசைக்கிறாய் என்பதற்காகவே தனியே பிரித்து உட்கார வைக்கப்பட்ட ஒரு பிள்ளை, அதன்பின் தன் கையைத் தூக்கும்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காமல் இருக்குமா?

உங்கள் மகனுக்கு அந்த மையம் சொல்லிக்கொடுப்பதற்குப் பின்னால் ஒரு பழைய கோட்பாடு இருக்கிறது. 1980களிலும் 90களிலும் ஜோசப் நிக்கலோசி என்ற அமெரிக்க உளவியலாளர் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். தன் ஆண்மையில் குறை இருப்பதாக உணரும் ஒருவன், அந்தக் குறை இல்லாத ஆணின் உடலைப் பார்த்து ஏங்குகிறான்; அந்த ஏக்கமே ஈர்ப்பாக மாறுகிறது; ஆகவே விளையாட்டிலும் ஆண்களின் கூட்டத்திலும் சேர்த்துக் குறையை நிரப்பிவிட்டால் ஈர்ப்பும் போய்விடும் என்பது அதன் சாரம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் இதைக் கேட்கும் இளைஞனின் காதில் என்ன விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 'உன் உடல் குறைபட்டது, அதனால்தான் உன் மனம் இப்படியிருக்கிறது' என்றுதான் விழுகிறது. அதுவரை உடலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாத பிள்ளைகூட அன்று முதல் மார்பையும் தோளையும் அளக்கத் தொடங்கிவிடும். மனம் மாறாததற்குக் காரணம் உடல் இன்னும் போதவில்லை என்பதுதான் என்றால், எந்த அளவு வந்தால் போதும்? அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. அளவு நாடா தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் இயங்கிய ஜோனா என்ற அமைப்பின்மீது, அங்கே பயிற்சிக்குப் போன இளைஞர்களும் இரண்டு தாய்மார்களும் 2012இல் வழக்குத் தொடுத்தார்கள். தனியறையில் இளைஞனைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, ஆடைகளை ஒவ்வொன்றாகக் களையச் சொல்லி, தன் உடலைப் பற்றிப் பேசவைத்தது அங்கு நடந்த 'பயிற்சி'களில் ஒன்று என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. 2015 ஜூனில் அங்கிருந்த நடுவர் குழு இது நுகர்வோர் மோசடி என்று தீர்ப்பளித்து, சுமார் 72 ஆயிரம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது, அமைப்பும் மூடப்பட்டது. அந்தத் தாய்மார்களும் உங்களைப் போலவே நல்லது நடக்கும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள்தாம்.

பலன் உண்டு என்று உங்கள் அண்ணன் எங்கேனும் படித்திருக்கக்கூடும். அத்தகைய பேச்சு பெரும்பாலும் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவர் 2003இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 200 பேர் தாமே சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட ஆய்வு அது. 2012இல் ஸ்பிட்சரே அது தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார். இந்தத் துறையில் மிகப் பெரிய கிறித்தவ அமைப்பாக இருந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனலும், 37 ஆண்டுகளுக்குப் பிறகு 2013இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதவை மூடிவிட்டது. பெற்றோரின் பங்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2018இல் 245 இளைஞர்களை வைத்து வெளியிட்டது அது. பெற்றோர் மாற்ற முயன்ற பிள்ளைகளிடையே தற்கொலை முயற்சி, அப்படி யாரும் முயலாத பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. வீட்டிலும் முயன்று வெளியாரிடமும் அனுப்பப்பட்டவர்களிடையே அது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது. திருப்பிக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோய் இன்னதென்று முடிவு சொல்வது முறையன்று. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பவை பரிசோதிக்கப்பட வேண்டியவை. தன் உடலில் பெரிய குறை இருப்பதாக மனம் திரும்பத் திரும்பச் சொல்வதும், கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பதும் அல்லது அறவே தவிர்ப்பதும், உடலை மறைத்துக்கொள்வதும் உடல் உருவக் கோளாறின் அடையாளங்கள். அது நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கு வருகிறது. அதில் ஒரு வகையில், தான் மெலிந்தும் வலுவற்றும் இருப்பதாகவே ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். 1997இல் ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்குத் தசை உருவக் கோளாறு என்ற பொருளில் பெயரிட்டார்கள். தன்பாலீர்ப்புள்ள ஆண்களிடையே உணவுக் கோளாறுகள் மற்ற ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதும் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அதற்குக் காரணம் ஈர்ப்பு அன்று. எப்போதும் யாரோ தன்னை மதிப்பிடுகிறார்கள் என்ற உள்ளச்சமும் வெட்கமும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இந்தக் கோளாறுகளுக்கு உண்மையான சிகிச்சை இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகச் சீராக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. குணப்படுத்தக்கூடியதை விட்டுவிட்டு, நோயே அல்லாத ஒன்றுக்கு 3,800 வெள்ளி வாங்கியிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பினாங்கில் பணியாற்றியபோது, பட்டர்வொர்த்திலிருந்து படகேறி என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. எங்கள் கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் தம் உருவம் தெரிந்துவிடாதபடி உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். பேசும்போது இரண்டு கைகளும் காற்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். கை அசைந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று எங்கோ ஓரிடத்தில் அவரைப் பழக்கியிருந்தார்கள். அவரை மாற்ற முயன்றவர்கள் கைவிட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைகள் மட்டும் அந்தப் பயிற்சியை விடவில்லை. மேசைமேல் வைத்த தேநீரை எடுக்க அவர் இயல்பாகக் கையை வெளியே நீட்ட ஏழு மாதம் ஆயிற்று.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் மகனிடம், "அங்கே அனுப்பியது என் தவறு, இனிப் போக வேண்டாம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அவனுடைய நடை, குரல், எடை, உணவு இவற்றைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. "நல்ல உடம்பு வந்திருக்கிறதே" என்ற பாராட்டும் வேண்டாம். பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். 1 வெள்ளிதான் கட்டணம். உணவையும் எடையையும் பரிசோதித்து, மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். தனியார் ஆலோசகரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி அவர் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதோடு, "என் மகனின் ஈர்ப்பை மாற்ற முயல்வீர்களா?" என்றும் நேரடியாகக் கேளுங்கள். 'முயலலாம்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இப்படிப்பட்ட மையங்களைத் தடுக்க மலேசியாவில் சட்டம் இல்லை; தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுகளும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து இன்னும் நீடிக்கின்றன. ஆகையால் இந்த எச்சரிக்கையை நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் வாழ்வே வேண்டாம் என்பது போல ஏதேனும் பேசினால் தாமதிக்காமல், மனத்துயரில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழையுங்கள். மனநல உதவிக்கான சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று திகைக்காதீர்கள். உங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம்: ரவிக்கை பிடிக்கவில்லை என்றால் தையலைப் பிரிப்போமே ஒழிய, உடுத்துபவரின் தோளில் யாரும் கத்தரி வைப்பதில்லை.

கேள்வி: ஒருவர் தாமே விரும்பித் தம் பாலீர்ப்பை மாற்றிக்கொள்ள நினைத்தால் அதை ஏன் தடுக்க வேண்டும்? உடல் எடையைக் குறைக்க உதவுகிறோம், இதற்கு மட்டும் உதவக் கூடாதா?
— செராஸ் வாசகர்

பதில்: எடை குறைப்பு முயற்சிகளிலும் பல வெட்கத்தால்தான் நடக்கின்றன, அவையும் பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தானாக விரும்புகிறேன் என்று என்னிடம் வந்தவர்களிடம், "உங்கள் குடும்பமும் சொந்தபந்தமும் இதை இயல்பாக எடுத்துக்கொண்டிருந்தால் மாற வேண்டும் என்று நினைப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறேன். 'ஆம்' என்று சொன்னவர் எவரும் எனக்கு நினைவில் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, ஈர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. அதே அறிக்கை, முடிவு இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் ஒருவரின் குழப்பத்தையும் சமய நம்பிக்கையையும் மதித்துக் கேட்கலாம் என்றும் சொன்னது. அந்த உதவியை யாரும் தடுக்கவில்லை. நானும் அதைத்தான் செய்துவருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 26, பினாங்கில் வேலை செய்கிறேன். 15 வயதில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதற்காகவும், ஒரு தோழிக்கு எழுதிய கடிதம் அகப்பட்டதற்காகவும் என்னை ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். வாரந்தோறும் சேலை கட்டி, பொட்டு வைத்து, அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். "இடுப்பு அசையவில்லை, இன்னும் ஆம்பிளை நடைதான்" என்பார். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின. இன்று எனக்கு ஒரு துணைவி இருக்கிறாள், நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள் போனாலே மூச்சு முட்டுகிறது. என் உடலை எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் நான் பெண்ணே இல்லையோ என்றும் சில நாள் தோன்றுகிறது. தம்பியின் திருமணம் வருகிறது. சேலை கட்டாமல் எப்படிப் போவது?
— பெயர் வேண்டாம், ஜெலுத்தோங்

பதில்: தங்கையே, உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேறு செய்திகள் பின்னிக்கிடக்கின்றன. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் தன்னுடையதன்று என்ற உணர்வு சிலருக்கு உண்டு; அவர்களைத் திருநர் என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு அந்த உணர்வையும் மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. உடலைப் பிடிக்காமல் போவது வேறு; அது திருநர் அல்லாத பலருக்கும், குறிப்பாக உடலைக் காட்டச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர்களுக்கும் நேர்கிறது. உங்களுக்குள் இருப்பது எது என்று நான் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்லவும் கூடாது. ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். துணைவியுடன் வீட்டில் தனியே, உங்களுக்குப் பிடித்த உடையில் இருக்கும்போதும் அந்த மறுப்பு வருகிறதா, அல்லது யாரோ பார்த்து மதிப்பிடும் இடங்களில் மட்டும் வருகிறதா? சில வாரம் குறித்து வையுங்கள். பெயர் சூட்டிக்கொள்ள அவசரம் எதுவும் இல்லை.

உடை மாற்றும் அறையில் வரும் மூச்சுமுட்டலுக்குக் காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சிறிய அறை, கண்ணாடி, புதுத் துணி, வெளியே 'எப்படியிருக்கிறது' என்று பார்க்கக் காத்திருக்கும் ஒருவர். 15 வயதில் வாரந்தோறும் நீங்கள் நின்ற இடம் அதுதான். உங்கள் உடல் அதை நினைவில் வைத்திருக்கிறது. பழைய காயங்களுக்கான மனநலச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் போனால் இது குறையும். கண்ணாடியைப் பார்த்து, 'அசிங்கம்', 'ஆம்பிளைத்தனம்' போன்ற தீர்ப்புச் சொற்களை விலக்கி, தோள், கழுத்து, முழங்கை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகுவது அங்கே தரும் பயிற்சிகளில் ஒன்று. முதல் நாள் ஒரு நிமிடம் தாங்கினால் போதும்.

உங்களுக்கு நடந்தது தவறு என்பதை நம் மொழி பேசும் மண்ணிலேயே ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன்னால், தமக்கு இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். அந்த வழக்கைத் தொடர்ந்து 2022இல் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு, உங்களைப் போன்றவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாதுதான். என்றாலும் "தமிழ்ப் பண்பாட்டில் இதற்கு இடமில்லை" என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவருக்குப் பதில் அங்கே இருக்கிறது.

திருமணத்துக்குச் சேலை கட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கடைக்குப் போகாமல், உங்களுக்கு நன்கு பொருந்தும் பழைய ஜிப்பா ஒன்றைத் தையற்காரரிடம் கொடுத்து, அதே அளவில் பட்டுத்துணியில் ஒன்று தைக்கச் சொல்லுங்கள். அளவெடுக்க யாரும் உங்களைத் தொட வேண்டியதில்லை. திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே தம்பியிடம் மட்டும் அதைக் காட்டிவிடுங்கள். மண்டபத்தில் யாராவது கேட்கத் தொடங்கினால் பதில் சொல்ல அவர் உங்கள் பக்கத்தில் இருப்பார்.